எவன்ஸ் காம்பிட்: அந்தச் சிப்பாயை வாங்குங்கள், ஆனால் வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள்

ஒரு பள்ளிக்கூட ஹாலில் ஞாயிற்றுக்கிழமை செஸ் போட்டி. எதிரே நான்காம் வகுப்புப் பையன், நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரையில் எட்டவில்லை. நான்காவது நகர்த்தலில் ஒரு சிப்பாயை என் மந்திரியின் வாய்க்கு நேராகக் கொண்டுவந்து வைத்தான். கை தவறிவிட்டது போல, பாவம் என்று நினைத்துக்கொண்டே எடுத்தேன். அடுத்து இன்னொன்று வந்தது, அதையும் எடுத்தேன். மூன்றாவதையும் விடவில்லை. ஓசியில் கிடைத்தால் பினாயிலையும் குடிப்பான் என்பார்களே, அந்த ரகம். இருபது நகர்த்தல் முடிவதற்குள் என் ராஜா நடுத்தெருவில் நின்றது. பையன் வாட்டர் பாட்டிலைத் திறந்து நிதானமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான்.

அவன் ஆடியது எவன்ஸ் காம்பிட். காம்பிட் என்றால் வேண்டுமென்றே ஒரு சிப்பாயைக் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குவது. அன்று எனக்குப் பெயர்கூடத் தெரியாது. கறுப்புக் காய்களோடு உட்காரும் புதியவர்கள் இதை எப்படிச் சமாளிப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். காய்களை நகர்த்தத் தெரியும், கோட்டை கட்டத் தெரியும் என்றால் போதும். பலகையை எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள். வெறுமனே படித்தால் பாதி நிற்காது.

பெயர்களில் குழப்பம் வேண்டாம் என்பதற்காக ஒரு வார்த்தை. என் தாத்தா ராணியைத்தான் மந்திரி என்பார். இங்கே மந்திரி என்றால் குறுக்காக ஓடும் பிஷப். கட்டங்களுக்கு வெள்ளையின் இடக்கைப் பக்கத்திலிருந்து ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச் என்று எழுத்து. வெள்ளையின் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரை எண். காயின் பெயர் சொல்லாமல் கட்டத்தை மட்டும் சொன்னால் அது சிப்பாய் நகர்த்தல்.

முதலில் நிலையை அடுக்குங்கள்

1. வெள்ளை இ4, கறுப்பு இ5.
2. வெள்ளை குதிரை எஃப்3, கறுப்பு குதிரை சி6.
3. வெள்ளை மந்திரி சி4, கறுப்பு மந்திரி சி5.
4. வெள்ளை பி4.

மூன்றாவது நகர்த்தல் வரை இது பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் ஆடும் இத்தாலிய ஆட்டம். நான்காவதில்தான் வெடி. இதைக் கண்டுபிடித்தவர் வில்லியம் டேவிஸ் எவன்ஸ், வேல்ஸ் நாட்டுக் கப்பல் கேப்டன். 1820-களில் அவர் இதை லண்டனில் ஆடிக் காட்டியபோது அங்கிருந்த பெரிய ஆட்டக்காரர் மெக்டானல் தோற்றார். தோற்றவரே பிறகு இதைக் கையில் எடுத்துக்கொண்டார். 1852-இல் பெர்லினில் ஜெர்மானிய ஆட்டக்காரர் ஆண்டர்சன் டுஃப்ரேனை வீழ்த்திய புகழ்பெற்ற ஆட்டமும் இதே தொடக்கம்தான்.

வெள்ளை எதற்காக ஒரு சிப்பாயைச் சும்மா தருகிறது? உங்கள் மந்திரி பி4-இல் எடுத்ததும் வெள்ளை சி3 வைக்கும். மந்திரி மறுபடி ஓட வேண்டும். அந்த நேரத்தில் வெள்ளை டி4 வைத்து நடுப்பலகையைப் பிடித்துக்கொள்ளும். பி2-வில் சிப்பாய் இல்லாததால் சி1 மந்திரி ஏ3-க்கு வந்து எஃப்8 வரை நீளும் குறுக்குக் கோட்டில் உட்காரலாம். அப்போது நீங்கள் கோட்டை கட்ட முடியாது. ராணி பி3-க்கு வந்தால் சி4 மந்திரியும் அதுவும் சேர்ந்து எஃப்7-ஐக் குறிவைக்கும். அந்தக் கட்டத்துக்குத் தொடக்கத்தில் உங்கள் ராஜாவைத் தவிர வேறு காவல் கிடையாது. ஆக வெள்ளை உங்கள் நேரத்தை ஒரு சிப்பாய் விலைக்கு வாங்குகிறது. கறுப்பு செய்யவேண்டியதெல்லாம் அந்த நேரத்தைத் திரும்பப் பிடிப்பதுதான்.

எடுக்கலாமா, விடலாமா

விடலாம். மந்திரியைப் பி6-க்குத் தள்ளிவைத்தால் ஆட்டம் அமைதியாகிவிடும், அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனாலும் கற்றுக்கொள்ளும் காலத்தில் எடுத்துப் பாருங்கள் என்பேன். தாக்குதலுக்கு முன்னால் உட்கார்ந்து மூச்சுவிடப் பழக இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை. எடுப்பதானால் மந்திரியாலேயே எடுங்கள்.

வெள்ளை 5. சி3 வைத்ததும் மந்திரிக்கு நாலைந்து வழி உண்டு. இ7-க்குப் போகலாம், சி5-க்கே திரும்பலாம், டி6-இல்கூட ஒளியலாம். புதியவர்களுக்கு நான் சொல்வது ஏ5 மட்டும். ஓரத்தில் ஒதுங்கியது போலத் தெரியும். பலகையைப் பாருங்கள்: ஏ5-இலிருந்து இ1 வரை ஒரு குறுக்குக் கோடு ஓடுகிறது, அதன் முனையில் வெள்ளை ராஜா. வெள்ளை டி4 வைத்த கணமே டி2 காலியாகும், சி3 சிப்பாய் கட்டுண்டுவிடும், அது நகர்ந்தால் ராஜாவுக்குச் செக். ராஜா கோட்டைக்குள் போகும்வரை அந்தச் சிப்பாயால் டி4-இல் திருப்பி எடுக்க முடியாது. இன்னொரு லாபம், இ7 கட்டம் உங்கள் இன்னொரு குதிரைக்குக் காலியாகக் கிடைக்கிறது.

ஆறாவது நகர்த்தல்: எது வந்தாலும் டி6

வெள்ளை இப்போது இரண்டில் ஒன்றைச் செய்யும். நேரே டி4 வைக்கும், இல்லையென்றால் முதலில் கோட்டை கட்டும். இரண்டுக்கும் உங்கள் பதில் ஒன்றே: டி6. இதனால் இ5 சிப்பாய்க்கு முட்டுக்கொடுத்தாயிற்று, சி8 மந்திரிக்குக் கதவு திறந்தாயிற்று, ஏ3-எஃப்8 கோட்டில் சுவரும் எழுப்பியாயிற்று. ஒரே கல்லில் மூன்று மாங்காய்.

கோட்டை கட்டியவரைப் பார்ப்போம். வெள்ளை 6. கோட்டை, கறுப்பு டி6. வெள்ளை 7. டி4, கறுப்பு மந்திரி பி6. இந்த மந்திரி பி6-தான் லாஸ்கர் தற்காப்பு. 1894 முதல் 1921 வரை உலக சாம்பியனாக இருந்த இமானுவல் லாஸ்கரின் பெயர். பார்வைக்குச் சாதுவாக இருக்கும். கிடைத்த சிப்பாயைக் காப்பாற்ற அது எதுவுமே செய்யவில்லையே என்றும் தோன்றும். செய்யவில்லைதான்.

வெள்ளை ஆசைப்பட்டுச் சிப்பாயைத் திரும்ப எடுக்கட்டும். 8. டி4 சிப்பாய் இ5-இல் எடுக்கிறது, நீங்கள் டி6 சிப்பாயால் திருப்பி எடுக்கிறீர்கள். 9. ராணி டி8-இல் ராணியை வெட்டிச் செக் சொல்கிறது, நீங்கள் சி6 குதிரையால் வெட்டுகிறீர்கள். 10. வெள்ளைக் குதிரை இ5 சிப்பாயை எடுக்கிறது, நீங்கள் மந்திரி இ6.

இங்கே நிறுத்தி எண்ணுங்கள். இரு பக்கமும் ஆறாறு சிப்பாய். வாங்கிய கடன் அடைந்தது, ராணிகள் பலகையை விட்டுப் போயின, தாக்குதல் என்ற பேச்சே முடிந்தது. இனி ஏ, பி, சி வரிசைகளின் பக்கம் பாருங்கள். வெள்ளைக்கு ஏ2-இல் ஒன்று, சி3-இல் ஒன்று, இரண்டும் பக்கத்தில் துணையில்லாத அநாதைகள். உங்கள் ஏ7, பி7, சி7 மூன்றும் தோளோடு தோள். டி8-க்குப் பின்வாங்கிய குதிரை அசிங்கமாகத் தெரியலாம், அங்கிருந்து அது எஃப்7-ஐயும் இ6-ஐயும் காக்கிறது. வெள்ளை இ6-இல் மந்திரியை மாற்றிக்கொண்டால் குதிரையே திருப்பி எடுத்து நல்ல இடத்துக்கு வந்துவிடும். இந்த முடிவாட்டம் கறுப்புக்குத்தான் இனிக்கும். வேகம் பிடிக்கும் என்று காம்பிட் ஆட வந்தவருக்கு ராணியில்லாமல் நாற்பது நகர்த்தல் ஆடுவது வேப்பங்காய்.

ஒன்பதாவதில் ராணியை மாற்றாமல் பி3-க்குக் கொண்டுவந்து எஃப்7-ஐ மிரட்டினால் உங்கள் ராணி எஃப்6. வெள்ளை மந்திரி ஜி5-க்கு வந்து ராணியைத் துரத்தினால் ராணி ஜி6. அங்கிருந்தும் எஃப்7-க்குக் காவல் இருக்கிறது, கூடவே ஜி5 மந்திரியின் மேலும் இ4 சிப்பாயின் மேலும் ஒரு கண்.

வெள்ளை நேரே டி4 வைத்தால்

விவரம் தெரிந்தவர்கள் இப்படித்தான் ஆடுவார்கள், இங்கேதான் கவனம் கூடுதலாக வேண்டும். 6. டி4, டி6. 7. ராணி பி3.

எஃப்7-க்கு ஆபத்து. கை தானாக ராணியை இ7-க்கு நகர்த்தும். நகர்த்தாதீர்கள். வெள்ளை டி5 வைத்து உங்கள் சி6 குதிரையை விரட்டும். அது பி8-க்கோ டி8-க்கோ பின்வாங்கினால் வெள்ளை ராணி ஏ4-இல் வந்து செக் சொல்லும். செக்கையும் பார்க்க வேண்டும், ஏ5-இல் காவலில்லாமல் நிற்கும் மந்திரியையும் பார்க்க வேண்டும். மந்திரி போனது போனதுதான். ஒரு சிப்பாய்க்கு ஆசைப்பட்டு மந்திரியைப் பறிகொடுத்த கதை இது. நான் பயிற்சி கொடுக்கும் பிள்ளைகளில் பாதிப்பேராவது ஒருமுறை இதில் விழுந்திருக்கிறார்கள்.

சரியான நகர்த்தல் ராணி டி7. சொந்த மந்திரியின் வழியை ராணியே அடைப்பதாவது என்று முகம் சுளிக்கத் தோன்றும். ஆனால் ராணி டி7-இல் நின்றால் ஏ4-இலிருந்து இ8-க்கு வரும் செக் கிடையாது, எஃப்7-க்கும் காவல் உண்டு. பாடப்புத்தக ஒழுங்கைவிட இந்த இடத்தின் தேவை பெரியது.

8. வெள்ளை டி4 சிப்பாயால் இ5-இல் எடுக்கிறது. உங்கள் கை மறுபடி துடிக்கும்: டி6 சிப்பாயால் திருப்பி எடுக்கலாமே? எடுத்தால் டி வரிசை திறந்துவிடும். வெள்ளை கோட்டை கட்டி யானையை டி1-இல் வைத்தால் நேரெதிரே உங்கள் ராணி. அதை நகர்த்த வேண்டும், கூடவே ஏ3 கோட்டில் இருந்த சுவரும் போயிற்று. மொத்தத்தில் ஒரு சிப்பாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடிக்கொண்டே இருப்பீர்கள்.

எடுக்காமல் மந்திரி பி6 வையுங்கள். புதியவர்களுக்கு நம்பவே கஷ்டமாக இருக்கும் நகர்த்தல் இது. கண் முன்னால் சிப்பாய் இருக்கிறது, எடுக்காமல் பின்வாங்குவதா? ஆனால் அடுத்து என்ன வருகிறது என்று பாருங்கள். உங்கள் சி6 குதிரை ஏ5-க்குப் போகப்போகிறது. அங்கிருந்து அது பி3 ராணியையும் சி4 மந்திரியையும் ஒரே நேரத்தில் தொடும். வெள்ளையின் தாக்குதலுக்கு உயிர் சி4 மந்திரிதான், அதைக் குதிரை கொடுத்து வாங்கிவிடலாம்.

பார்க்கலாம்: வெள்ளை பேராசைப்பட்டு 9. இ5 சிப்பாயால் டி6-இலும் எடுக்கிறது. குதிரை ஏ5. 10. ராணி பி4, குதிரை சி4 மந்திரியை எடுக்கிறது. 11. ராணி சி4-இல் திருப்பி எடுக்கிறது, உங்கள் ராணி டி6 சிப்பாயை எடுக்கிறது. மறுபடி ஆறுக்கு ஆறு. உங்களிடம் இரண்டு மந்திரியும் இருக்கின்றன, வெள்ளையிடம் ஒன்றுதான். நிதானமான வெள்ளை 9-இல் பி1 குதிரையை டி2-க்குக் கொண்டுவரும், சி4-இல் குதிரையால் திருப்பி எடுப்பதற்காக. அப்போதும் குதிரை ஏ5-தான். ராணி பி4 வந்தால் மந்திரியை எடுங்கள். குதிரை திருப்பி எடுத்ததும் உங்கள் மந்திரி சி5-க்கு வந்து பி4 ராணியை விரட்டும். பிறகு குதிரை இ7, கோட்டை. அவ்வளவுதான்.

திருப்பிக் கொடுக்கும் நேரம் எப்படித் தெரியும்

ஒவ்வொரு நகர்த்தலுக்கும் முன்னால் இரண்டு பக்கமும் வீட்டை விட்டு வெளியே வந்த காய்களை எண்ணுவேன். சிப்பாயைச் சேர்ப்பதில்லை. வெள்ளை என்னைவிட இரண்டு காய் முன்னால் என்றால், கையில் உள்ள சிப்பாயை எங்கே விட்டால் எனக்கு ஒரு நகர்த்தல் மிச்சமாகும் என்று தேட ஆரம்பித்துவிடுவேன். கோட்டை கட்டி முடித்து, எண்ணிக்கையும் சமமானால் கொடுக்க வேண்டிய அவசியமில்லை. சிப்பாய் உங்களுடையது, வைத்துக்கொள்ளுங்கள். இது சாஸ்திரம் ஒன்றும் இல்லை, கடிகாரம் ஓடும்போது கைக்கு வரும் கணக்கு.

எண்ணாமல் ஆடினால் என்ன ஆகும் என்பதற்கு 1963-இல் நியூயார்க்கில், பின்னாளில் உலக சாம்பியனான பாபி ஃபிஷர் ரூபன் ஃபைனோடு விளையாட்டாக ஆடிய ஓர் ஆட்டம் இருக்கிறது. ஃபைன் சாதாரண ஆள் இல்லை. 1938-இல் அக்காலத்துப் பெருந்தலைகளெல்லாம் கூடிய ஆவ்ரோ போட்டியில் எஸ்தோனியாவின் கேரஸோடு முதலிடத்தைப் பகிர்ந்தவர். அவர் மந்திரியை ஏ5-இல் வைத்தார், டி4 வந்ததும் டி6 வைக்காமல் எடுத்தார். ஃபிஷர் கோட்டை கட்டினார். ஃபைன் சி3-இலும் எடுத்தார். ஃபிஷர் உடனே திருப்பிக்கூட எடுக்கவில்லை, ராணியை பி3-க்குக் கொண்டுவந்தார். பிறகு குதிரையால் சி3-இல் எடுத்தபோது ஃபைனுக்கு இரண்டு சிப்பாய் லாபம். ஆனால் டி7 சிப்பாய் கடைசிவரை அசையவில்லை, அதனால் சி8 மந்திரியும் அசையவில்லை. பதினேழாவது நகர்த்தலில் ஃபிஷர் ராணியை ஜி3-இல் வைத்தார். கறுப்பு ராணி அதை வெட்டினால் மந்திரி எஃப்6-இல் செக்மேட். ஃபைன் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். நானும் அந்தப் பள்ளி ஹாலில் ஏறக்குறைய இதைத்தான் செய்திருந்தேன் என்று பின்னால் தெரிந்தபோது, தோல்வி கொஞ்சம் கௌரவமாகத் தோன்றியது.

நம்ம ஆனந்தே இதில் அடி வாங்கியிருக்கிறார். 1995, ரீகா நகரில் தால் நினைவுப் போட்டி, வெள்ளையில் அப்போதைய உலக சாம்பியன் காஸ்பரோவ். பழைய தொடக்கம் என்று பலரும் மறந்துவிட்ட எவன்ஸ் காம்பிட்டைக் காஸ்பரோவ் தூசு தட்டி எடுத்து வந்தார். ஆனந்த் சிப்பாயை எடுத்து மந்திரியை இ7-க்குப் பின்வாங்கினார். 25-ஆவது நகர்த்தலில் ஆட்டம் முடிந்தது. அந்த ஆட்டத்தைப் பலகையில் ஆடிப் பார்த்தபோது நான் கறுப்பின் நகர்த்தல்களை எண்ணினேன். ஆனந்த் ஆடிய 24-இல் 11 குதிரை நகர்த்தல்கள். சி8 மந்திரி முதல்முறை வெளியே வந்தது 23-ஆவதில். இரண்டு யானைகளும் பிறந்த இடத்திலேயே நின்றன, கோட்டை கட்டவே இல்லை. அவருக்குத் தெரியாததல்ல, காஸ்பரோவ் ஒவ்வொரு நகர்த்தலிலும் ஏதாவது ஒன்றைத் துரத்திக்கொண்டே இருந்தார். இந்த ஆட்டத்தைத் தேடி எடுத்து ஒருமுறை ஆடிப் பாருங்கள். நேரத்தை இழப்பது என்றால் என்னவென்று நான் பத்துப் பக்கம் எழுதினாலும் அதைப் போல விளங்காது.

வீட்டில் பழக

லிச்செஸ் தளம் இலவசம். அதில் ஒரு நிலையை அடுக்கி அங்கிருந்து கணினியோடு ஆட வசதி உண்டு. ராணி பி3, ராணி டி7 வரை வந்த நிலையை அடுக்கி, கறுப்பு எடுத்து, எட்டு மட்டங்களில் மூன்றிலோ நான்கிலோ வைத்து ஆடுங்கள். முதல் ஐந்து ஆட்டத்தில் ஜெயிப்பு தோல்வியைப் பார்க்காதீர்கள். எந்த நகர்த்தலில் கோட்டை கட்டினீர்கள் என்பதை மட்டும் ஒரு நோட்டில் குறியுங்கள். அந்த எண் குறையக் குறைய ஆட்டம் மாறுவது கண்ணுக்குத் தெரியும். பிறகு பலகையைத் திருப்பி வெள்ளையிலும் நாலு ஆட்டம் ஆடுங்கள். சிப்பாயைத் திருப்பித் தரும் எதிராளி எவ்வளவு எரிச்சலூட்டுவார் என்பது அப்போதுதான் உறைக்கும். மூன்று நிமிட ஆட்டங்களில் மட்டும் இதைப் பழகாதீர்கள். அங்கே எண்ண நேரமே இருக்காது.

இரண்டு வருடம் கழித்து வேறொரு போட்டியில் அதே பையன் மறுபடி எதிரே வந்தான். இப்போது கால் தரையில் எட்டியது. நான்காவது நகர்த்தலில் பி4. எடுத்தேன், ஏ5-க்குப் போனேன். கோட்டை கட்டினான், டி6 வைத்தேன். டி4 வைத்தான், மந்திரியைப் பி6-க்கு நகர்த்தினேன். அவன் நிமிர்ந்து என்னை ஒருமுறை பார்த்தான். பத்து நிமிடம் யோசித்துவிட்டு ராணிகளை மாற்றிக்கொண்டான். ஏ2 சிப்பாய் விழுவதற்கு ஐம்பது நகர்த்தலுக்கு மேல் ஆயிற்று, ஹாலில் எங்கள் மேசை மட்டும்தான் மிச்சம். கை குலுக்கும்போது, "அங்கிள், அன்னிக்கு மாதிரி எல்லாத்தையும் எடுப்பீங்கன்னு நெனச்சேன்" என்றான்.